ஜெனோவாவில் மூன்று நாள்: முட்டி வலியுள்ள அம்மா, ரயில்வே அப்பா. எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது?

பொன்மலைப் பையன் எழுதியது:

வணக்கம். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் வேலை பார்க்கிறேன். செப்டம்பர் கடைசியில் அப்பாவும் அம்மாவும் திருச்சியிலிருந்து வருகிறார்கள். மூன்று பேரும் இத்தாலியில் ஜெனோவா துறைமுகத்தில் கப்பல் ஏறி, ஒரு வாரம் மத்தியதரைக் கடலைச் சுற்றிவருவதாகத் திட்டம். கப்பலுக்கு முன்னால் மூன்று நாள் கையில் இருக்கிறது. மிலானிலிருந்து ரயிலில் வந்து சேர்வோம்.

அம்மாவுக்கு இரண்டு முட்டியிலும் தேய்மானம். சமதரையில் நிதானமாக ஒரு மணி நேரம் நடப்பார், படி என்றால் பத்துப் படிக்கு மேல் முடியாது. சுத்த சைவம், முட்டையும் கிடையாது. அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாளிகை, ஓவியம் எல்லாம் அரை மணி நேரம்தான் தாங்கும். அப்புறம் வெளியே வந்து தண்டவாளம் எங்கே என்று தேடுவார்.

படித்துப் பார்த்த இடத்திலெல்லாம் "ஜெனோவா அழுக்குத் துறைமுகம், அங்கே தங்காமல் சிங்க்வே தேர்ரே கிராமங்களுக்குப் போய்விடுங்கள்" என்கிறார்கள். ரயில் நிலையத்தின் பக்கம் இரவில் பயம் என்றும் சிலர் சொல்கிறார்கள். அங்கே இருப்பவர்கள், போய்வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். மூன்று நாளையும் ஜெனோவாவில் கழிக்கலாமா? எந்தப் பக்கம் அறை எடுப்பது? சாப்பாட்டுக்கு என்ன வழி?

மேட்டுத்தெரு எழுதியது:

தம்பி, நான் ஜெனோவாவில்தான் இருக்கிறேன், ஆராய்ச்சி வேலை. என் அப்பா அம்மாவை இங்கே வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறேன், எங்கள் அம்மாவுக்கும் முட்டிதான் பிரச்சினை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். மூன்று நாளையும் இங்கேயே வையுங்கள். இந்த ஊருக்கு மூன்று நாள் அதிகமே இல்லை.

இந்த ஊருக்கு வரைபடத்தை மட்டும் பார்த்துத் திட்டம் போடாதீர்கள். இருநூறு மீட்டர் தள்ளி என்று அது காட்டும் இடம், நிஜத்தில் பல மாடி உயரத்தில் உங்கள் தலைக்கு மேல் இருக்கும். மலை நேராகக் கடலில் இறங்குகிற ஊர். கிடைத்த இடுக்கிலெல்லாம் வீடு கட்டியிருக்கிறார்கள். அதனாலேயே நூறு வருடத்துக்கும் மேலாக இந்த ஊர்க்காரர்களுக்கு லிஃப்ட்டும் மலை ரயிலும் அன்றாடப் போக்குவரத்து. காய்கறிப் பையோடு பாட்டிகள் லிஃப்ட்டில் ஏறி வீட்டுக்குப் போவதைப் பார்க்கலாம். உங்கள் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே வழி இதுதான். ஏறுவதும் இறங்குவதும் இயந்திரத்தில், நடப்பது சமதரையில் மட்டும். "லிஃப்ட்டில் ஏறிவிட்டு நடந்தே இறங்குங்கள், அழகாக இருக்கும்" என்று பலர் சொல்வார்கள். முட்டி தேய்ந்தவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை. கேட்காதீர்கள்.

போர்த்தெல்லோ சதுக்கத்திலிருந்து ஒரு நீளமான சுரங்க நடைபாதைக்குள் போனால் காஸ்தெல்லெத்தோ லிஃப்ட் வரும். மேலே போய்க் கதவு திறந்தால் மொத்தப் பழைய நகரமும் துறைமுகமும் காலடியில். சாம்பல் நிறப் பலகைக்கல் கூரைகள், அவற்றுக்கு நடுவே கோயில் கோபுரங்கள், தூரத்தில் கலங்கரை விளக்கம், அதற்கும் அப்பால் கப்பல்கள். மேலே சமதரையாக ஒரு பார்வைத் தளம், உட்கார பெஞ்சு உண்டு. சாயங்காலம் வெயில் சாயும் நேரம் போங்கள். முதல் நாளே போய்விடுங்கள், ஊரின் அமைப்பு மனதில் பதிந்துவிடும்.

அதே போர்த்தெல்லோவில் சாந்த் ஆன்னா என்ற விஞ்ச் ரயில் இருக்கிறது. பழனி விஞ்ச் ஏறியிருப்பீர்கள், அதே முறைதான். 1891இல் ஓட ஆரம்பித்தபோது மேலே இருக்கும் பெட்டியில் தண்ணீரை நிரப்பி, அந்தப் பாரத்தில் கீழே இருப்பதை இழுத்து ஏற்றினார்கள். மின்சாரத்துக்கு மாறியது ரொம்பப் பிந்தி. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள், இறங்க மனம் வராது. இதைவிட நீளமானது ரீகி போகும் விஞ்ச், லார்கோ த்ஸெக்கா என்ற இடத்தில் ஏற வேண்டும். நடுநடுவே நின்று நின்று கடல் மட்டத்துக்குச் சுமார் 300 மீட்டர் மேலே கொண்டுபோய் விடுகிறது. பழைய கோட்டைகள் இருக்கும் மலை அது. காற்று அடிக்கும், அம்மாவுக்குச் சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு இன்னும் ஒன்று, பிரின்சிப்பே நிலையத்தின் பின்பக்கம் கிரனரோலோ குன்றுக்குப் போகும் பல்சக்கர ரயில். 1901இல் வந்தது. தண்டவாளங்களுக்கு நடுவில் பல்வரிசை ஓடுவதைக் கிட்ட நின்றே பார்க்கலாம். ஊட்டி ரயிலின் இன்ஜின்களைப் பொன்மலையில் பிரித்துப் பூட்டுவதைப் பார்த்த மனிதர் என்றால், இந்தச் சின்னப் பெட்டியின் முன் ஒரு மணி நேரம் நிற்பார். அவ்வப்போது பராமரிப்புக்காக நிறுத்திவைப்பார்கள், அன்று ஓடுகிறதா என்று காலையிலேயே பார்த்துவிடுங்கள்.

வியா பால்பியில் மோந்தெகல்லெத்தோ என்ற லிஃப்ட் வேறு இருக்கிறது. மலைக்குள் சுரங்கத்தில் முதலில் ரயில்பெட்டி மாதிரிப் படுக்கைவாட்டில் இருநூறு மீட்டருக்கு மேல் போகும், நின்று, இடம் மாறி, அதே பெட்டி செங்குத்தாக மேலே ஏறும். மேலே ஒரு கடல் பயணி கட்டிய கோட்டைவீடு, இப்போது அருங்காட்சியகம். அருங்காட்சியகத்துக்குள் போகாவிட்டாலும் லிஃப்ட்டுக்காகவே போகலாம்.

பேருந்து, மெட்ரோ, லிஃப்ட், விஞ்ச் எல்லாமே அமத் என்ற ஒரே நிறுவனம் நடத்துவது. சீட்டுக் கட்டணமும் விதியும் மாறிக்கொண்டே இருக்கின்றன, நிலையத்தில் ஒட்டியிருப்பதுதான் அன்றைய கணக்கு. வெளியே 'டி' எழுத்துப் பலகை தொங்கும் சிகரெட் கடைகளில் சீட்டு வாங்கலாம். காகிதச் சீட்டு என்றால் பேருந்தில் ஏறியதும் இயந்திரத்தில் முத்திரை குத்த மறக்காதீர்கள். கையில் சீட்டு இருந்தாலும் முத்திரை இல்லையென்றால் அபராதம்தான். மிலானிலிருந்து வரும்போது கைப்பேசியில் உள்ளூர் ரயில் சீட்டு எடுத்தால், ரயில் கிளம்பும் முன் அதில் 'செக் இன்' அழுத்த வேண்டும். அதுவும் முத்திரை மாதிரிதான்.

இப்போது அறை. பெரிய நிலையங்கள் இரண்டு, மேற்கே பிரின்சிப்பே, கிழக்கே பிரிக்னோலே. கப்பல் ஏறும் இடம் பிரின்சிப்பேவிலிருந்து நடந்தே போகும் தூரம் என்பதால் எல்லோரும் அங்கேயே அறை தேடுகிறார்கள். நான் சொல்வது பிரிக்னோலேவுக்கும் தெ ஃபெர்ராரி சதுக்கத்துக்கும் இடைப்பட்ட பகுதி. வியா வென்ட்டி செத்தெம்பரே என்ற அகலமான சாலை, இருபுறமும் கூரை போட்ட நடைபாதை, மழை பெய்தாலும் நனையாமல் போகலாம். மெட்ரோவும் பக்கம், காய்கறிச் சந்தையும் பக்கம். கப்பல் நாளன்று டாக்சி பிடித்தால் போதும்.

பழைய நகரச் சந்துகளுக்குள் இருக்கும் வீடுகளை வாடகைக்கு எடுக்க வேண்டாம். படத்தில் மிக அழகாக இருக்கும். டாக்சி உள்ளே வராது, பெட்டியைக் கருங்கல் பாவிய மேட்டில் இழுக்க வேண்டும். மாடிக் கணக்கும் நம் கணக்கு இல்லை. பழைய மாளிகைகளில் ஒவ்வொரு தளமும் அவ்வளவு உயரம், மூன்றாவது மாடி என்றால் எண்பது, நூறு படி வந்துவிடும். எங்கே பதிவு செய்தாலும் "அஷென்சோரே (லிஃப்ட்) இருக்கிறதா, தெருவாசலிலிருந்து லிஃப்ட் வரை எத்தனை படி" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். லிஃப்ட் உண்டு என்பார்கள், லிஃப்ட்டை அடையவே பன்னிரண்டு படி ஏற வேண்டியிருக்கும்.

முகவரி தேடும்போது ஒன்று. இங்கே ஒரே தெருவில் இரண்டு எண்வரிசை ஓடுகிறது. வீடுகளுக்குக் கறுப்பு எண், கடைகளுக்கும் உணவகங்களுக்கும் சிவப்பு எண். 25 என்றால் ஒரு வீடு, 25ஆர் என்றால் எங்கோ தள்ளி ஒரு கடை. ஆர் என்ற எழுத்தை விட்டுவிட்டால் தெருவின் தவறான முனையில் நிற்பீர்கள்.

அம்மாவோடு நடக்க நல்ல வழி சொல்கிறேன். தெ ஃபெர்ராரி நீரூற்றில் ஆரம்பித்து வியா சான் லொரென்ட்ஸோ வழியாகத் துறைமுகம் நோக்கிப் போங்கள். வண்டி இல்லாத தெரு, லேசான இறக்கம், ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. வழியில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட சான் லொரென்ட்ஸோ பேராலயம். வாசலில் படிகள் இருக்கின்றன, அம்மாவைக் கையைப் பிடித்து நிதானமாக ஏற்றுங்கள். உள்ளே வலப்பக்கம் ஒரு பீரங்கிக் குண்டு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 1941 பிப்ரவரி 9இல் பிரிட்டிஷ் கடற்படை கடலிலிருந்து ஊரைச் சுட்டபோது இந்தக் குண்டு சுவரைத் துளைத்து உள்ளே விழுந்தது, வெடிக்கவில்லை. என் அம்மா அதன் முன்னால் கைகூப்பி நின்றார்.

கீழே இறங்கினால் சுவரெல்லாம் ஓவியம் தீட்டிய பலாத்ஸோ சான் ஜோர்ஜோ, 1260இல் கட்டியது. அதற்கு எதிரே பழைய துறைமுகம். கொலம்பஸ் பயணத்தின் 500ஆம் ஆண்டுக்காக 1992இல் ரென்ஸோ பியானோ என்ற இந்த ஊர்க் கட்டடக் கலைஞர் மாற்றியமைத்தது. மீன் காட்சியகமும் அப்போது திறந்ததுதான். முழுக்கச் சமதரை. மீன் காட்சியகம் போவதானால் நேரம் குறித்து இணையத்தில் சீட்டு எடுங்கள், விலை அதிகம், சனி ஞாயிறு தவிர்த்துவிடுங்கள். திரும்பும்போது மேட்டில் நடக்காமல் சான் ஜோர்ஜோ நிலையத்தில் மெட்ரோ ஏறிவிடுங்கள். மெட்ரோ ஒரே ஒரு தடம்தான், எட்டு நிலையம், குழம்ப வழியே இல்லை.

மாளிகைகளுக்கு ஒரு காலைப்பொழுது போதும். வியா கரிபால்தி சமமான, சின்னத் தெரு. 1500களில் வங்கிக்காரக் குடும்பங்கள் போட்டி போட்டுக் கட்டியது. அந்தக் காலத்தில் ஜெனோவா தனிக் குடியரசு, விருந்தினரைத் தங்கவைக்க அரச மாளிகை கிடையாது. வெளிநாட்டு அரசரோ தூதரோ வந்தால், தகுதியான மாளிகைகளின் பட்டியலிலிருந்து சீட்டுக் குலுக்கி, பெயர் வந்தவர் தன் வீட்டில் தங்கவைத்து விருந்தும் போட வேண்டும். அந்தப் பட்டியல்களில் இருந்த 42 மாளிகைகளை 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. ரோஸ்ஸோ, பியாங்கோ, தூர்ஸி என்ற மூன்று மாளிகைக்கும் ஒரே சீட்டு. தூர்ஸியில் இந்த ஊர் வயலின் மேதை பகனினி வாசித்த வயலின் இருக்கிறது, 1743இல் குவர்னெரி செய்தது, பகனினியே இந்த ஊருக்கு எழுதிவைத்துவிட்டுப் போனது. அம்மாவுக்குக் கர்நாடக சங்கீதம் பிடிக்குமென்றால் இதைத் தவறவிட வேண்டாம். திங்கட்கிழமை மூடியிருக்கும், நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு. சைவக்காரர்களுக்கு இத்தாலியிலேயே இவ்வளவு வசதியான ஊர் குறைவு என்றே சொல்வேன். ஃபரினாத்தா என்று கேளுங்கள். கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். பெரிய செம்புத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் சுடுவார்கள். ஓரம் மொறுமொறு, நடுவில் மெத்தென்று இருக்கும். மேலே மிளகுத்தூள் தூவி, சூடாக இருக்கும்போதே சாப்பிட வேண்டும். சோத்தோரீப்பா என்ற துறைமுக வளைவுக் கடைவரிசையிலும் பழைய நகரத்திலும் கிடைக்கும். சில நாளில் பொடி மீன் போட்டும் சுடுவார்கள், அதனால் "சேன்ஸா பேஷே" என்று சொல்லிவிடுங்கள்.

காலையில் ஃபொக்காச்சா. நல்ல கடையில் ஆலிவ் எண்ணெயில்தான் செய்வார்கள், ஆனால் பன்றிக் கொழுப்புச் சேர்க்கும் கடையும் உண்டு. "ஸ்த்ரூத்தோ?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், இல்லையென்றால் தலையாட்டுவார்கள்.

பெஸ்தோ பிறந்த ஊர் இது. துளசி இனத்து இலை, பைன் பருப்பு, பூண்டு, எண்ணெய், பாலாடைக்கட்டி. பாஸ்தாவோடு உருளைக்கிழங்கும் பீன்ஸும் சேர்த்து வேகவைத்துக் கலந்து தருவார்கள், அருமையாக இருக்கும். ஆனால் இதில் போடும் பார்மிஜானோ பாலாடைக்கட்டியைக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளால்தான் உறையவைக்கிறார்கள். அம்மா அவ்வளவு தூரம் பார்ப்பவர் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சாப்பிட்ட பிறகு தெரிந்தால் மனசு கஷ்டப்படும். பாலாடைக்கட்டி இல்லாமல் தரச் சொல்லலாம், ஆனால் பல இடத்தில் பெஸ்தோவை முன்பே அரைத்து வைத்திருப்பார்கள். புதிதாகப் பிசைந்த பாஸ்தாவில் முட்டை இருக்கலாம், காய்ந்த பாஸ்தாவில் பெரும்பாலும் இருக்காது. "சேன்ஸா ஊவா" என்பது முட்டை இல்லாமல். காய்கறித் துண்டு என்று நினைத்துத் தோர்த்தா பஸ்குவலீனா வாங்கிவிடாதீர்கள், உள்ளே முழு முட்டை இருக்கும்.

இரவுச் சாப்பாடு ஏழரைக்கு முன் கிடைக்காது. மாத்திரை போடுகிறவர்கள் இருந்தால் ஆறு மணிக்கு ஃபொக்காச்சாவோ ஃபரினாத்தாவோ கையில் இருக்கட்டும்.

கடைசியாக, மழை. செப்டம்பர் முடிந்து அக்டோபர், நவம்பர் நெருங்கும்போது இங்கே பெய்வது சாதாரண மழை இல்லை. மலையிலிருந்து வரும் தண்ணீர் சில நிமிடத்தில் தெருவை நிரப்பிவிடும். 2011 நவம்பரிலும் 2014 அக்டோபரிலும் உயிர்கள் போயின. அரசு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை விடும். சிவப்பு என்றால் பள்ளி, பூங்கா, அருங்காட்சியகம் எல்லாம் மூடிவிடுவார்கள். அன்று அறையிலேயே இருங்கள், சுரங்க நடைபாதை, தாழ்வான தெரு எதற்கும் போக வேண்டாம்.

தூத்துக்குடி இன்ஜின் ரூம் எழுதியது:

தங்கச்சி சொன்னதெல்லாம் சரி. நான் சரக்குக் கப்பல் இன்ஜினியர், ஜெனோவா அடிக்கடி வரும் துறை. கப்பல் பற்றி மூன்று விஷயம் மட்டும் சேர்க்கிறேன்.

தம்பி, உங்கள் சீட்டில் ஜெனோவா என்றுதான் போட்டிருக்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள். இங்கிருந்து மேற்கே நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி சவோனா என்ற துறைமுகம் இருக்கிறது, சில சொகுசுக் கப்பல்கள் அங்கிருந்துதான் கிளம்பும். ஜெனோவா என்றே இருந்தாலும் எந்த முனையம் என்று பாருங்கள். சொகுசுக் கப்பல்கள் பொன்த்தே தெய் மில்லே, பொன்த்தே ஆந்த்ரேயா தோரியா பக்கம் நிற்கும், பழைய கடல் நிலையக் கட்டடம். சர்தீனியா, சிசிலி, துனிசியா போகும் பெரிய ஃபெர்ரிகள் அதற்கும் மேற்கே வேறு முனையத்தில், மெட்ரோவில் தினேக்ரோ பக்கம். டாக்சிக்காரரிடம் வெறுமனே "துறைமுகம்" என்று சொல்லாதீர்கள், முனையத்தின் பெயரைச் சொல்லுங்கள்.

இரண்டாவது, பெற்றோரின் விசா. உங்கள் கப்பல் துனிசியா, துருக்கி மாதிரி ஷெங்கன் வட்டத்துக்கு (ஒரே விசாவில் சுற்றும் ஐரோப்பிய நாடுகள்) வெளியே ஒரு துறையில் நின்று திரும்பினால், ஒருமுறை மட்டும் நுழையும் விசா போதாது. பலமுறை நுழையும் விசா கேட்டு விண்ணப்பியுங்கள். கப்பல் நிறுவனம் சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள், பயண வழியை அச்செடுத்து விசா விண்ணப்பத்தோடு வையுங்கள்.

மூன்றாவது, நான் மனசார விரும்பிச் சொல்வது. அந்த பலாத்ஸோ சான் ஜோர்ஜோ முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். மார்கோ போலோ ஜெனோவாக்காரர்களிடம் போர்க் கைதியாகச் சிறையில் இருந்தது இந்த ஊரில்தான். 1298இல் கூடச் சிறையிருந்த பீசா ஊர்க்காரர் ருஸ்திக்கெல்லோவிடம் தன் பயணத்தைச் சொல்லி எழுதவைத்தார். அவர் இருந்தது இந்தக் கட்டடத்தில்தான் என்பது ஊர் வழக்கு. அந்தப் புத்தகத்தில் நம் கடற்கரையின் முத்துக்குளிப்பு வருகிறது. காயல் என்ற துறைமுகமும், அங்கே அரேபியாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய குதிரைகளும் வருகின்றன. எங்கள் தாமிரபரணி முகத்துவாரத்துப் பழையகாயல்தான் அது என்று சொல்கிறார்கள். எங்கள் ஊர் முத்தும் குதிரையும் இந்த ஊர்ச் சிறையில்தான் எழுத்தாயின என்று நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்க்கிறது. அப்பா அம்மாவுக்கு இதைச் சொல்லிக் காட்டுங்கள்.

நேரமிருந்தால் கலாத்தா கடல் அருங்காட்சியகம். பழைய துடுப்புக் கப்பலை முழு அளவில் செய்து வைத்திருக்கிறார்கள். வெளியே தண்ணீரில் நிற்கும் நாஸாரியோ ஸௌரோ நீர்மூழ்கிக்குள் அப்பா மட்டும் போகட்டும். உள்ளே வட்டக் கதவுகளில் குனிந்து காலைத் தூக்கி வைக்க வேண்டும், அம்மாவுக்கு வேண்டாம்.

ரயில் ஜன்னல் எழுதியது:

நான் குடும்பத்தோடு போனபோது ஜெனோவாவில் ஒரு இரவுதான் இருந்தோம். ஃபரினாத்தா நன்றாக இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் நெரிசலான பேருந்தில் மனைவியின் கைப்பையைத் திறந்துவிட்டார்கள். இரவு ஒன்பது மணிக்கு அறைக்குப் போகக் குறுக்குவழி என்று நுழைந்த சந்தில் குழந்தைகள் பயந்துவிட்டார்கள். மறுநாள் சிங்க்வே தேர்ரே போனதும்தான் விடுமுறை மாதிரி இருந்தது. ஐந்து கிராமமும் வண்ண வண்ணமாக, கடலை ஒட்டி. மூன்று நாளில் ஒரு நாளாவது அங்கே கொடுக்கலாம் என்பது என் கருத்து.

மேட்டுத்தெரு எழுதியது:

உங்கள் மனைவிக்கு நடந்தது வருத்தமாக இருக்கிறது. பயத்தை நான் மறைக்கவில்லை, தெளிவாகவே சொல்கிறேன். பிரின்சிப்பேவிலிருந்து கடலோரமாக ஓடும் வியா ப்ரே, அதன் தொடர்ச்சியான வியா தெல் காம்போ, அப்புறம் வியா கரிபால்திக்குக் கீழே இருக்கும் மத்தலேனா தெருப் பகுதி, இவை பகலில் கடைகளும் கூட்டமுமாக இருக்கும், போகலாம். இருட்டிய பிறகு பெற்றோரோடு இந்தச் சந்துகளில் நுழைய வேண்டாம். போதைப்பொருள் விற்பனையும் பாலியல் தொழிலும் அங்கே நடக்கின்றன. கைப்பேசி காட்டும் குறுக்குவழி பெரும்பாலும் இந்தச் சந்துகளுக்குள்தான் இழுக்கும். இரவில் வியா பால்பி, வியா கரிபால்தி, வியா சான் லொரென்ட்ஸோ மாதிரி விளக்கும் ஆளும் இருக்கும் தெருக்களிலேயே திரும்புங்கள், பத்து நிமிடம் கூடினாலும் பரவாயில்லை. பேருந்தில் பையை முன்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். நான் இங்கே தனியாக வாழும் பெண், இந்த விதிகளோடு நிம்மதியாகத்தான் இருக்கிறேன்.

சிங்க்வே தேர்ரே அழகுதான், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் இந்தக் குடும்பத்துக்கு அது சரிவராது. செப்டம்பரில் ரயிலில் நிற்கவே இடமிருக்காது, நிலையங்களில் படி, கிராமத்துக்குள் மேடு. கோர்னிலியா நிலையத்திலிருந்து ஊருக்குள் போக மட்டும் 380 படி சொச்சம், அதைத் தவிர்க்கச் சின்னப் பேருந்துக்கு வரிசையில் நிற்க வேண்டும். முட்டி வலியோடு ஒரு நாள் முழுக்க அப்படி அலைந்தால் அடுத்த ஒரு வாரக் கப்பலும் கெட்டுப்போகும்.

கடலோர அழகு வேண்டுமென்றால் நேர்வி போங்கள். ஜெனோவாவின் கிழக்கு ஓரம், உள்ளூர் ரயிலில் கால் மணி நேரம் சொச்சம். நிலையத்துக்குப் பின்னாலேயே கடல். பாறை விளிம்பில் அனிதா கரிபால்தி பெயரில் ஒரு நடைபாதை, இரண்டு கிலோமீட்டர், ஒரு பக்கம் அலை, ஒரு பக்கம் தோட்டங்கள். முழுவதும் நடக்க வேண்டாம், நடுவில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பலாம். இன்னொரு சாயங்காலம் கோர்ஸோ இத்தாலியா என்ற அகலமான கடற்கரைச் சாலையில் நடந்து, அதன் முடிவில் இருக்கும் பொக்கதாஸ்ஸே மீனவர் குப்பம். கூழாங்கல் கரை, படகுகள், மஞ்சளும் சிவப்புமாக வீடுகள். குப்பத்துக்குள் இறங்கக் கொஞ்சம் சரிவு இருக்கிறது, மேலே சாலையிலிருந்து பார்த்தாலே அம்மாவுக்குப் போதும்.

பொன்மலைப் பையன் எழுதியது:

அக்கா, அண்ணா, மிக்க நன்றி. விசா விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, எங்கள் கப்பல் துனிஸில் நிற்கிறது! இன்றே பார்க்கிறேன். பிரிக்னோலே பக்கம் லிஃப்ட் உள்ள அறை தேடிக்கொண்டிருக்கிறேன்.

அப்பாவிடம் பல்சக்கர ரயில் பற்றிச் சொன்னேன். உடனே "மீட்டர் கேஜா, அகலப் பாதையா" என்று கேட்டார். அப்புறம், நாங்கள் வந்து சேர்வது ஞாயிறு மதியம். திங்கட்கிழமை எல்லாம் மூடியிருக்கும் என்றால் அன்று என்ன செய்வது? அம்மாவுக்கு நாளில் ஒரு வேளை தயிர்சாதம் வேண்டும், அதற்கு ஏதாவது வழி உண்டா?

மேட்டுத்தெரு எழுதியது:

மீட்டர் கேஜ் என்று கேட்டாரா, அப்படியென்றால் அவருக்கு இன்னொன்று காத்திருக்கிறது. ஊருக்கு மேலே 'மானின்' என்ற சதுக்கத்திலிருந்து கசெல்லா என்ற மலைக் கிராமத்துக்கு ஒரு மீட்டர் கேஜ் ரயில், 24 கிலோமீட்டர், 1929இல் திறந்தது. காட்டுக்குள், பள்ளத்தாக்கின் விளிம்பில் வளைந்து வளைந்து போகும். மண்சரிவு, பாலப் பராமரிப்பு என்று நீண்ட நாள் நிறுத்தப்படுவதும் உண்டு. கிளம்பும் வாரத்தில் அமத் இணையதளத்தில் பார்த்து ஓடினால் மட்டும் திட்டத்தில் சேருங்கள். ஓடாவிட்டால் கிரனரோலோவும் ரீகியும் இருக்கின்றன.

ஞாயிறு சாயங்காலம் காஸ்தெல்லெத்தோ லிஃப்ட். வேறெதுவும் வேண்டாம், பயணக் களைப்பு இருக்கும். திங்கட்கிழமை ரயில், விஞ்ச், நேர்வி, இவற்றுக்கு விடுமுறை கிடையாது. அப்பாவின் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய் காலை வியா கரிபால்தி, மதியம் ஓய்வு, பிறகு பேராலயமும் துறைமுகமும். அது அம்மாவின் நாள்.

அம்மாவுக்குத் தெம்பு இருந்தால், பிரின்சிப்பேவிலிருந்து 34ஆம் எண் பேருந்தில் ஸ்தாலியேனோ கல்லறைத் தோட்டம். கல்லறைக்கா என்று தயங்காதீர்கள். 1851இல் திறந்தது, வளைவு மண்டபங்கள் முழுக்கப் பளிங்குச் சிலைகள், கீழ்மண்டபங்களில் நடப்பதெல்லாம் சமதரை. அங்கே கத்தரீனா கம்போதோனிகோ என்ற பெண்ணின் சிலையைத் தேடுங்கள். திருவிழாக்களில் கொட்டைப் பருப்பைக் கோத்து மாலையாக்கி விற்றுப் பிழைத்தவர். பணக்காரக் குடும்பங்கள் மட்டும் சிலை வைத்துக்கொண்ட இடத்தில், வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்துத் தன் சிலையை 1881இல், உயிரோடு இருக்கும்போதே செய்து வைத்துக்கொண்டார். கையில் அந்தப் பருப்பு மாலையும் ரொட்டியும் பிடித்து நிற்கிறார். உடுப்பில் ஒவ்வொரு சரிகைக் கண்ணியும் கல்லில் தெரியும். இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த மனுஷி அவர்தான்.

தயிர்சாதத்துக்குச் சமையலறை வசதியுள்ள அறை எடுத்தால் கவலையே இல்லை. வியா வென்ட்டி செத்தெம்பரேவில் மெர்காத்தோ ஓரியென்தாலே என்ற பெரிய சந்தை இருக்கிறது. பச்சைமிளகாய், இஞ்சி, கொத்தமல்லி எல்லாம் கிடைக்கும், ஞாயிறன்று காய்க்கடைகள் இருக்காது. தயிரைச் சூப்பர் மார்க்கெட்டில் "யோகுர்த் பியாங்கோ நத்துராலே" என்று எழுதியதாகப் பார்த்து எடுங்கள், வெறும் பியாங்கோ என்றால் சர்க்கரை போட்டது வந்துவிடும். அரிசியில் ரிசொத்தோவுக்கானதை வாங்கினால் நன்றாகக் குழைந்து தயிர்சாதத்துக்குப் பொருந்தும், நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஊறுகாயை மட்டும் திருச்சியிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள், எண்ணெய் கசியாமல் இரண்டு உறை போட்டு, பெரிய பெட்டியில்.